இறக்கியவன் ஏற்ற வேண்டும்

(ஆயுத பூஜையை ஒட்டி, சங்ககிரியில் பட்டறைத் தொழிலாளர்களும் மாணவர்களும் கூடிய அரங்கில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

ஸ்பேனர் பிடித்த கைக்கு மைக் பிடிக்கக் கொஞ்சம் கூச்சம்தான். ஸ்பேனர் வழுக்கினால் விரல் முட்டியில் தோல் போகும். மைக்கில் வழுக்கினால் மானம் போகும். இருந்தாலும் கூப்பிட்டுவிட்டீர்கள், வந்துவிட்டேன்.

இன்றைக்கு நான் பேச எடுத்துக்கொண்டது ஒரு ரேஸ் காரின் இன்ஜினை முதன்முதலாக இறக்கி ஏற்றிய கதை. லாரிக்குப் பேர்போன ஊரில் நின்றுகொண்டு ரேஸ் காரைப் பற்றிப் பேசுகிறானே என்று நினைக்க வேண்டாம். லாரியில் நான் முப்பது வருடமாகக் கற்றது என்ன, கற்காமல் விட்டது என்ன என்று எனக்குக் காட்டிக்கொடுத்தது அந்தச் சின்னக் கார்தான்.

முதலில் நம் ஊரிலிருந்து தொடங்குகிறேன். மலைக்கோட்டையின் நிழலில் இருக்கிறது நம் ஊர். 1805ஆம் ஆண்டு தீரன் சின்னமலையைத் தூக்கிலிட்ட கோட்டை அது. வெளியூர்க்காரர்கள் அந்தக் கோட்டையைப் பார்க்க வருகிறார்கள். அடிவாரத்தில் இருக்கும் பட்டறைகளை யார் பார்க்க வருகிறார்கள்? சேலம் – கோவை சாலையில் எத்தனை பட்டறை, எத்தனை லேத்து, எத்தனை டயர்க் கடை! பக்கத்தில் நாமக்கல் பாடி கட்டுகிறது, டேங்கர் ஓட்டுகிறது. திருச்செங்கோடு ரிக் வண்டியை நாடெங்கும் அனுப்பிப் போர் போடுகிறது. இந்த வட்டாரத்தில் பிறந்த பிள்ளைக்கு டீசல் வாசமும் தாலாட்டும் ஒன்றாகவே வந்து சேரும்.

எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த மேஸ்திரி பள்ளிக்கூடத்தில் அதிகம் படித்தவர் இல்லை. ஆனால் கணக்கு அவர் வாயில் இருந்தது. டாடா 692 இன்ஜின் என்றால் ஆறு சிலிண்டர்; போர், அதாவது சிலிண்டரின் உள்விட்டம், 92 மில்லிமீட்டர். 697 என்றால் ஆறு சிலிண்டர், போர் 97 மில்லிமீட்டர். பெயரிலேயே அளவு இருக்கிறது பாருங்கள்! எந்த சிலிண்டருக்குப் பின் எது வெடிக்கும்? ஒன்று, ஐந்து, மூன்று, ஆறு, இரண்டு, நான்கு. பிள்ளைகள் வாய்ப்பாடு படிப்பது போல எங்களைச் சொல்ல வைப்பார். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லவேண்டும்.

அவர் சொன்ன இன்னொரு பாடம் உண்டு. ஒருநாள் நான் கழற்றிய போல்ட்டையெல்லாம் ஒரே டப்பாவில் அள்ளிப் போட்டேன். அவர் பார்த்தார். திட்டவில்லை. "சாமி, கழட்டுன போல்ட்ட அது இருந்த ஓட்டையிலயே ரெண்டு திருகு திருகி வையி. அதுக்கு அதோட வீடு தெரியும், உனக்குத்தான் தெரியாது" என்றார்.

அதற்கு என்ன அர்த்தம் என்று அன்றைக்குப் புரியவில்லை. "சரிங்கண்ணா" என்றேன். எத்தனை விஷயத்துக்கு நாம் இப்படி "சரிங்க" என்று சொல்லிவிட்டு மறந்துபோகிறோம்!

அடுத்து உங்களைக் கோவைக்கு அழைத்துப் போகிறேன். ரேஸ் காருக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிறவர்களுக்கு இரண்டு பேரின் கதையைச் சொல்லவேண்டும்.

முதலாமவர் ஜி.டி. நாயுடு. 1893இல் கோவைக்குப் பக்கத்தில் கலங்கலில் பிறந்தவர். ஒரு வெள்ளைக்கார அதிகாரி மோட்டார் சைக்கிளில் போவதைப் பார்த்தார். மாடும் இல்லை, குதிரையும் இல்லை, வண்டி மட்டும் எப்படி ஓடுகிறது? அந்தக் கேள்வி அவரை விடவில்லை. கோவையில் ஓட்டலில் வேலை செய்து காசு சேர்த்து, அந்த வண்டியையே விலைக்கு வாங்கினார். வாங்கி என்ன செய்தார்? ஊர்வலம் போனாரா? அக்கு அக்காகக் கழற்றினார். பிறகு மாட்டினார். அந்த மனிதர்தான் 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே ஒரு பஸ்ஸோடு தொழில் தொடங்கி யு.எம்.எஸ். என்ற பெரிய நிறுவனத்தை வளர்த்தார். கழற்றியதோடு நின்றிருந்தால் அவருக்கு ஒரு மூட்டைப் பழைய இரும்புதான் மிஞ்சியிருக்கும்.

இரண்டாமவர் கரிவர்தன். கோவை மில் குடும்பத்துப் பிள்ளை. பந்தயத்துக்கு வெளிநாட்டுக் கார் வேண்டும் என்றிருந்த காலத்தில், நம் வீதிகளில் ஓடுகிற மாருதி 800 காரின் இன்ஜினை எடுத்து, ஒற்றை ஆள் உட்காரும் பந்தயக் கார் கட்டினார். 1980களின் பிற்பகுதியில் வந்த அந்த வண்டிக்குப் பெயர் ஃபார்முலா மாருதி. நம் வீட்டுச் சுப நிகழ்ச்சிக்குப் போய்வந்த அதே இன்ஜின், பந்தயத் தடத்தில்! 1995இல் சிறிய ரக விமான விபத்தில் அவர் இறந்தார். கோவை செட்டிபாளையத்தில் இருக்கும் பந்தயத் தடத்துக்கு அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள்.

அந்த ஃபார்முலா மாருதியில் தொடங்கியவர்களில் ஒருவர் கோவை நரேன் கார்த்திகேயன். ஸ்ரீபெரும்புதூர் தடத்தில் அந்தச் சின்ன வண்டியை ஓட்டினார். 2005இல் ஜோர்டான் அணிக்காக ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டினார். அந்தப் பந்தயத்துக்குப் போன முதல் இந்தியர் அவரே. ஆகவே தம்பிகளே, ரேஸ் கார் நமக்கு அந்நியம் இல்லை. இங்கிருந்து காலையில் பஸ் ஏறினால் மத்தியானச் சாப்பாட்டுக்குப் போய்ச் சேரும் தூரத்தில் அதற்கு ஒரு பிறந்த வீடு இருக்கிறது.

சில வருடங்களுக்கு முன் என் நண்பர் ஒருவர் கோவையில் அப்படி ஒரு பழைய ஃபார்முலா மாருதி வண்டியை வாங்கினார். இன்ஜினில் தட்டல் சத்தம். "அண்ணா, வேற இன்ஜின் ஒண்ணு வாங்கி வச்சிருக்கேன். மாத்தித் தரோணுங்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. செயின் பிளாக் இல்லாமல் அசையாத லாரி இன்ஜின்களோடு வாழ்ந்தவன் நான். இது மூன்று சிலிண்டர், 796 சிசி. இரண்டு ஆள் சேர்ந்தால் தூக்கிவிடலாம். "ஒரு நாள் வேலைங்க" என்றேன்.

அங்கேதான் என் பாடம் தொடங்கியது.

முதலில் ஷெட்டுக்குள் போனதும், என்னோடு வந்த பையன் பழக்க தோஷத்தில் பீடியை எடுத்தான். நண்பர் பதறிப்போய்ப் பிடுங்கினார். டீசல் நம்மைக் கெடுத்து வைத்திருக்கிறது, தெரியுமா? டீசலில் பாகங்களைக் கழுவுவோம், கையைக் கழுவுவோம். அது லேசில் பற்றாது. பெட்ரோல் அப்படியா? அதன் ஆவி தரையோடு ஊர்ந்து போய் எங்கேயோ இருக்கும் பொறியைத் தேடிப் பிடிக்கும். ஆகவே பெட்ரோல் குழாயில் கை வைக்கும் முன்பே பேட்டரியின் மைனஸ் வயரைக் கழற்றவேண்டும்.

லாரியில் கியர் பாக்ஸை முதலில் கீழே இறக்குவோம். பிறகு முன்னால் ரேடியேட்டரைக் கழற்றி இன்ஜினை வெளியே எடுப்போம். அந்தக் காரில் இன்ஜின் ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால், இரும்புக் குழாய்க் கூட்டுக்குள் அடைக்கோழி மாதிரி உட்கார்ந்திருக்கிறது. இன்ஜினும் கியர் பாக்ஸும் சேர்ந்தே வரவேண்டும். தண்ணீரை வடித்தோம். இன்ஜின் ஆயிலை வடித்தோம். சைலன்சர் குழாயைப் பிரித்தோம். கிளட்ச் கேபிள், ஆக்சிலரேட்டர் கேபிள், வயர்கள் எல்லாம் விடுபட்டன. சக்கரத்துக்குப் போகும் டிரைவ் ஷாப்டை இழுத்தேன். இழுத்ததும் கியர் ஆயில் கொட கொடவென்று என் மடியில் ஊற்றியது! இன்ஜின் ஆயிலை வடித்த எனக்குக் கியர் ஆயிலை வடிக்கத் தோன்றவில்லை. முப்பது வருட அனுபவசாலியின் வேட்டி அன்றைக்குக் கறுப்பாகிவிட்டது.

இருந்தாலும் இரண்டரை மணி நேரத்தில் இன்ஜின் தரையில் இருந்தது. நண்பர் கைதட்டினார். எனக்கு மீசை துடித்தது. போல்ட்டுகள் எங்கே? ஒரே தட்டில், குவியலாக. மேஸ்திரியின் குரல் காதில் கேட்டதா? கேட்கவில்லை. கைதட்டல் சத்தத்தில் எது கேட்கும்?

பழைய இன்ஜின் ஏன் தட்டியது என்று பார்க்க அடிச் சட்டியைக் கழற்றினோம். கனெக்டிங் ராடு பேரிங் செம்பு நிறம் தெரியும்வரை தேய்ந்திருந்தது. ஆனால் ஆயில் அளவு சரியாகவே இருந்ததே! பிறகு ஏன்?

ஒரு சொம்பு நிறையத் தண்ணீரோடு பஸ்ஸில் உட்காருங்கள். பஸ் வளைவில் திரும்பும்போது தண்ணீர் என்ன செய்யும்? ஒரு பக்கமாக ஏறி நிற்கும். பந்தயத்தில் நீண்ட வளைவை வேகமாகச் சுற்றும்போது சட்டியில் இருக்கும் ஆயிலும் அப்படித்தான் ஒரு பக்கம் ஒதுங்குகிறது. ஆயிலை உறிஞ்சும் பம்பின் வாய் மறுபக்கம் காற்றைக் குடிக்கிறது. அந்தச் சில விநாடிகளில் பேரிங்குக்கு ஆயில் கிடைக்காது. வீட்டில் அரிசி இருந்தும் உலைக்கு வரவில்லை என்றால் பட்டினிதானே! இதற்காகவே சட்டிக்குள் தகட்டால் தடுப்பு வைப்பார்கள். பெரிய பந்தயக் கார்களில் ஆயிலைச் சட்டியில் தங்கவே விடாமல் தனித் தொட்டிக்கு இழுத்துவிடுவார்கள். மேட்டூர் மேட்டில் பாரம் ஏற்றிப் போகிற லாரிக்கு இந்த நோய் வராது. அதன் நோய் வேறு. வண்டி எப்படி ஓடுகிறதோ அப்படித்தான் அதன் நோயும் இருக்கும்.

புதிதாக ஏற்றப்போகும் இன்ஜினின் சட்டியில் நாங்களும் தகட்டை வெட்டித் தடுப்பு வைத்தோம். அதுவரை சரி.

இறக்க இரண்டரை மணி நேரம். ஏற்ற எவ்வளவு ஆனது என்று நினைக்கிறீர்கள்? மூன்று நாள்!

முதல் நாள் முழுவதும் போல்ட்டைத் தேடுவதிலேயே போனது. ஒரே தடிமன், ஒரே தலை, ஆனால் நீளம் வேறு. நீள போல்ட்டைக் குட்டை ஓட்டையில் முறுக்கினால் அலுமினிய உறை வெடித்துவிடும். குட்டை போல்ட்டை நீள ஓட்டையில் மாட்டினால் நாலு திருகில் நின்று, பிறகு ஒருநாள் மரையோடு பிடுங்கிக்கொண்டு வரும். ஒவ்வொன்றாக விட்டுப் பார்த்து, கழற்றி, மறுபடி விட்டுப் பார்த்து, சாயங்காலம் ஆகிவிட்டது.

இரண்டாம் நாள் கிளட்ச். கியர் பாக்ஸின் ஷாப்டு கிளட்ச் பிளேட்டின் பல்லுக்குள் நேராகப் போய் உட்காரவேண்டும். பிளேட் ஒரு நூல் விலகி இருந்தாலும் போகாது. போகவில்லையே என்று போல்ட்டை முறுக்கி இழுத்தால் பிளேட் வளையும், உறை உடையும். பிளேட்டை நடுவில் நிறுத்தி, கிராங்க் புல்லியைக் கையால் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றிக்கொண்டே அழுத்தினோம். திடீரென்று "க்ளக்" என்று ஒரு சத்தம். இரண்டு உறைகளும் ஒன்றோடொன்று முத்தமிட்டுக்கொண்டன. அந்தச் சத்தத்துக்கு ஈடாக எந்தக் கச்சேரி இருக்கிறது?

மூன்றாம் நாள் ஏற்றி, மாட்டி, ஆயில் ஊற்றி, தண்ணீர் ஊற்றி முடித்தாயிற்று. பிளக் வயரை மாட்டினேன். இங்கே ஒன்று, ஐந்து, மூன்று எல்லாம் இல்லை; ஒன்று, மூன்று, இரண்டு. சின்ன வாய்ப்பாடு. பேட்டரியை இணைத்தோம். நண்பர் சீட்டில் உட்கார்ந்து ஸ்டார்ட்டரை அழுத்தினார்.

"டக்." அவ்வளவுதான். மறுபடி அழுத்தினார். "டக்." பேட்டரி வீக்கோ? வேறு பேட்டரி வைத்தோம். "டக்." இன்னொரு தடவை அழுத்தும்போது பையன் கத்தினான்: "அண்ணா, பொகை! பொகை வருதுங்க!"

எங்கே? ஸ்டார்ட்டரில் இல்லை. பேட்டரியில் இல்லை. ஆக்சிலரேட்டர் கேபிளில்! கரண்டுக்கும் ஆக்சிலரேட்டருக்கும் என்ன உறவு? தொட்டேன், விரல் சுட்டது.

பாய்ந்து போய் மைனஸ் வயரைப் பிடுங்கினேன். பிறகு தரையில் உட்கார்ந்து யோசித்தேன். யோசிக்க யோசிக்க வெட்கம் ஏறியது. இன்ஜின் ரப்பர் மவுண்டிங்கில் உட்கார்ந்திருக்கிறது. ரப்பரில் கரண்டு போகாது. ஸ்டார்ட்டருக்குள் போன கரண்டு இன்ஜின் வழியாக சேஸிக்குத் திரும்பி, அங்கிருந்து பேட்டரிக்குப் போகவேண்டும். அந்த வழிக்காக ஒரு பட்டை வைத்திருப்பார்கள். செம்புக் கம்பியில் பின்னிய, ஒரு சாண் நீளப் பட்டை. எர்த் பட்டை. அதை நான் மாட்டவில்லை. வழி இல்லாத கரண்டு, இன்ஜினையும் சேஸியையும் இணைக்கும் எந்த இரும்பு கிடைக்கும் என்று தேடி, மெலிந்த ஆக்சிலரேட்டர் கேபிளில் புகுந்திருக்கிறது. பெரிய லாரியில் போகவேண்டிய பாரத்தைச் சைக்கிளில் ஏற்றினால் என்ன ஆகும்? அதுதான் ஆனது.

பட்டை எங்கே? ஷெட் முழுக்கத் தேடினோம். கடைசியில் நான் கை துடைத்துச் சுருட்டிப் போட்ட பனியன் வேஸ்ட்டுக்குள் இருந்தது. பத்து நிமிடத்தில் மாட்டினோம். வெந்துபோன கேபிளுக்கு மாற்றுக் கேபிள் போட்டோம். பிளக்குகளைக் கழற்றிவிட்டு, ஆயில் விளக்கு அணையும்வரை ஸ்டார்ட்டரைச் சுற்றி, பேரிங்குகளுக்கு ஆயில் ஊட்டினோம். பிறகு பிளக்கை மாட்டி அழுத்தினால், ஒரே தட்டில் பிடித்தது. ஷெட்டே அதிர்ந்தது. எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. மேஸ்திரி நினைவுக்கு வந்தார். "அதுக்கு அதோட வீடு தெரியும், உனக்குத்தான் தெரியாது."

அன்பர்களே! எனக்கு எர்த் என்றால் என்னவென்று தெரியாதா? லாரியில் எத்தனை எர்த் பட்டை மாற்றியிருக்கிறேன்! தெரிந்தவனுக்கு ஏன் தப்பியது? லாரியின் வரிசை என் கையில் ஊறியிருந்தது. ஆகவே நினைவு வைக்கவேண்டிய வேலையே எனக்கு இல்லாமல் போயிருந்தது. புதிய வண்டி வந்ததும் கை பழைய வரிசையைத் தேடியது, கிடைக்கவில்லை. கையில் ஊறியது போதும் என்று நம்பியதுதான் என் தவறு. கழற்றும்போது வண்டியே உனக்கு வழி காட்டும். அடுத்த போல்ட் கண்ணுக்கு முன்னால் தெரியும். மாட்டும்போது கண்ணுக்கு முன்னால் இருப்பது காலி இடம் மட்டுமே. அந்தக் காலி இடத்தை நிரப்ப வேண்டியது உன் நினைவு. நினைவு இல்லையென்றால் எழுத்து.

இறக்கி ஏற்றுவதற்கு என்ன விலை என்று பெரிய இடத்துக்குப் போய்ப் பார்ப்போம். 1967இல் லோட்டஸ் 49 என்ற பந்தயக் கார் வந்தது. அதில் இன்ஜினுக்குக் கீழே சேஸியே கிடையாது. இன்ஜின்தான் காரின் பின்பாதி முதுகெலும்பு. இன்ஜினைக் கழற்றினால் கார் இரண்டாகிவிடும்! ஃபார்முலா ஒன் கார்கள் இன்றைக்கும் அந்த வழியில்தான் இருக்கின்றன. நரேன் ஓட்டிய 2005ஆம் ஆண்டில் ஒரு விதி இருந்தது: ஒரு இன்ஜின் இரண்டு பந்தயத்துக்கு உழைக்கவேண்டும். இடையில் மாற்றினால் புறப்படும் வரிசையில் பத்து இடம் பின்னால் போய் நிற்கவேண்டும். ஒரு இன்ஜினை இறக்கி ஏற்றுவதற்கு அங்கே அவ்வளவு விலை. நமக்கும் விலை உண்டுதானே? லாரி ஒரு நாள் பட்டறையில் நின்றால் லோடு போகிறது, மாதத் தவணை மட்டும் நிற்காமல் வருகிறது.

தம்பி தங்கைகளே, முதல் இன்ஜினை இறக்கப்போகும் நாள் உங்களுக்கும் வரும். காராக இருக்கலாம், லாரியாக இருக்கலாம், அப்பாவின் பழைய மோட்டார் சைக்கிளாக இருக்கலாம். அன்றைக்குச் செயினில் தொங்குகிற இன்ஜினுக்கு அடியில் தலையை, கையை, காலை விடாதீர்கள். செயின் பிளாக் நல்லதுதான், ஆனால் அதற்கு உங்கள் அம்மாவைத் தெரியாது. ஸ்பேனரைத் தொடும் முன் கைபேசியை எடுத்து நாலு பக்கமும் படம் பிடியுங்கள். ஒவ்வொரு வயருக்கும் இரண்டு முனையிலும் டேப் ஒட்டி ஒரே எண்ணை எழுதுங்கள். போல்ட்டை அதன் ஓட்டையிலேயே இரண்டு திருகு வையுங்கள். கழற்றியதை வரிசையாக எழுதுங்கள். மாட்டும்போது அந்தத் தாளைக் கடைசியிலிருந்து மேலே படித்துக்கொண்டே போங்கள். கடைசி வரியிலிருந்து முதல் வரிக்கு வந்து சேர்ந்தால் வேலை முடிந்தது என்று அர்த்தம்.

பட்டறை அண்ணன்மார்களுக்கும் ஒரு வார்த்தை. நம் தலையில் இருக்கும் வித்தை எங்கே எழுதப்பட்டிருக்கிறது? எந்த இன்ஜினில் எந்த போல்ட் நீளம், எந்தப் பேரிங் எப்போது பேசும், எந்தச் சத்தம் எந்த நோய் என்பதெல்லாம் நம்மோடு எழுந்து நம்மோடு படுக்கிறது. என் மேஸ்திரி போனபோது அவரோடு எவ்வளவு போனதோ! "சரிங்கண்ணா" என்று சொன்ன எங்களில் ஒருவன்கூட எழுதி வைக்கவில்லை.

இன்னும் சில நாளில் ஆயுத பூஜை. லாரிகளுக்கு வாழைமரம் கட்டுவோம், பூசணிக்காய் உடைப்போம். பட்டறையில் ஸ்பேனருக்கும் ஜாக்கிக்கும் சந்தனம் வைப்போம். அதே நாளில் வீட்டில் பிள்ளைகளின் புத்தகத்துக்குச் சரஸ்வதி பூஜை. நாள் ஒன்றாக இருந்தும், பட்டறையில் ஆயுதம், வீட்டில் ஏடு என்று பிரித்தே வைத்திருக்கிறோம்.

இந்த வருடம் ஒன்று செய்யுங்கள். ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். அதை ஸ்பேனர் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்து, அதற்கும் ஒரு பொட்டு வையுங்கள். மறுநாள் காலை பூஜை பிரித்ததும், முதல் போல்ட்டைக் கழற்றும் முன்னால் முதல் வரியை எழுதுங்கள்.